ஐம்பத்தைந்து மணித்தியாலம்

கண்டி நகரில் ஒரு கடை முதலாளி தன் ஊழியரிடம் வாரத்துக்கு 57 மணித்தியாலம் வேலை வாங்கினால் அது சட்ட மீறல் ஆகாது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வாரத்துக்கு 12 மணித்தியாலம் வரை ஓவர்டைம் செய்விக்கலாம். அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுக்க வேண்டும். 45உம் 12உம் சேர்ந்தால் 57.

2021 மே மாதத்தில் உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழில் அமைப்பும் கூட்டாக ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணித்தியாலம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழ 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் இப்படி இறந்தவர்கள் 7 இலட்சத்து 45 ஆயிரம் பேர் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. பக்கவாதத்தால் 3,98,000 பேர், இதய நோயால் 3,47,000 பேர். 2000ஆம் ஆண்டோடு பார்த்தால் இது 29 சதவீத உயர்வு. அதிகம் பாதிக்கப்பட்ட உலகப் பகுதிகளில் தென்கிழக்காசியப் பிராந்தியமும் ஒன்று. உலக சுகாதார அமைப்பின் வரைபடத்தில் இலங்கை அந்தப் பிராந்தியத்தில்தான் இருக்கிறது.

ஆய்வு கோடு கிழித்த இடம் 55. நம் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 57. ஓவர்டைம் காசை ஒரு சதம் குறையாமல் கொடுக்கும் நேர்மையான முதலாளியின் கடையில்கூட ஒருவர் ஆண்டுக்கணக்கில் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கலாம். ஒரு வாரமோ ஒரு பண்டிகைக் காலமோ 57 மணித்தியாலம் வேலை செய்வதால் யாருக்கும் உடனே பக்கவாதம் வந்துவிடாது. அதையே வழக்கமாக்கி ஆண்டுக்கணக்கில் செய்வதைப் பற்றித்தான் ஆய்வு பேசுகிறது. நம் சட்டமோ அந்த வழக்கத்துக்கு எந்தத் தடையும் போடவில்லை.

இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே வருவது ஒப்பீடு. "இந்தியாவைப் பாருங்கள், அங்கே இதைவிட மோசம்" என்பார்கள். அது உண்மைதான். சர்வதேசத் தொழில் அமைப்பின் தரவுப்படி இந்தியாவில் வேலை செய்வோரில் 51 சதவீதம் பேர் வாரத்துக்கு 49 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைக்கிறார்கள். அங்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணித்தியாலம் என்று வைத்து, ஓவர்டைமோடு சேர்த்து 60 வரை விட்டது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21ஆம் திகதி நாளுக்கு 12 மணித்தியால வேலைக்கு வழி திறக்கும் திருத்தச் சட்டமூலம் சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் சேர்ந்து எதிர்த்ததால் மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று மீளப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அங்கே நிலைமை மோசமாக இருப்பதால் இங்கே 57 மணித்தியாலம் பாதுகாப்பானதாகிவிடாது. கம்பளையில் வேலை செய்பவரின் இரத்தக் குழாய்க்குச் சென்னையின் சராசரி தெரியாது.

நமக்குப் பயன்படும் ஒப்பீடு வேறொன்று இருக்கிறது. கண்டியில் கொரிய மொழி வகுப்பு விளம்பரம் ஒட்டாத சுவரைக் காண்பது கடினம். 2004இல் இலங்கையும் தென் கொரியாவும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு, மொழிப் பரீட்சையில் சித்தியடைந்து அங்கே போவது மலைநாட்டு இளைஞர்களின் பெரிய கனவுகளில் ஒன்றாகிவிட்டது. ஆகவே இந்த இரண்டு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

தென் கொரியா தன் தொழில் தராதரச் சட்டத்தை 1953இல் இயற்றியது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48. அடுத்த ஆண்டே நம்முடைய கடை, அலுவலக ஊழியர் சட்டம் வந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் நம்முடையது மேல். கொரியாவில் அந்தச் சட்டம் நீண்ட காலம் காகிதத்திலேயே கிடந்தது. சியோல் நகரின் பியொங்ஹ்வா சந்தையில் தையல் கூடங்களில் இளம் பெண்கள் நாளுக்குப் பதினான்கு மணித்தியாலம் வரை உழைத்தார்கள். அங்கே வேலை செய்த ஜொன் தே இல் என்ற 22 வயது இளைஞர், இருக்கும் சட்டத்தையாவது நடைமுறைப்படுத்துங்கள் என்று அதிகாரிகளிடம் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. 1970 நவம்பர் 13ஆம் திகதி நடந்த எதிர்ப்புப் போராட்டத்தில் அவர் உயிர் துறந்தார். கொரியத் தொழிலாளர் இயக்கம் தன் வரலாற்றை அந்த நாளிலிருந்து எண்ணுகிறது.

அதற்குப் பிறகும் கொரியா உலகிலேயே மிக அதிக நேரம் உழைக்கும் நாடுகளில் ஒன்றாகவே இருந்தது. 2008இல் ஒரு கொரியத் தொழிலாளியின் ஆண்டுச் சராசரி 2,200 மணித்தியாலத்துக்கு மேல். சட்டத்தில் வாரத்துக்கு 40 என்று குறைத்த பின்னரும், "வாரம்" என்பதில் சனி ஞாயிறு அடங்காது என்று தொழில் அமைச்சு விளக்கம் சொல்லி 68 மணித்தியாலம் வரை அனுமதித்து வந்தது. 2018இல் நாடாளுமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. வாரம் என்றால் ஏழு நாள், உச்சம் 40உம் 12உம் சேர்த்து 52. பெரிய நிறுவனங்களுக்கு 2018 ஜூலையில் தொடங்கி, சிறிய நிறுவனங்களுக்கு 2021 ஜூலை வரை அது படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச்சில் அரசாங்கம் அதை வாரத்துக்கு 69 வரை தளர்த்தப் பார்த்தபோது இளம் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். திட்டத்தை மறுபரிசீலனைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு சராசரி சுமார் 1,870 மணித்தியாலமாக இறங்கியிருந்தது. பணக்கார நாடுகளுக்குள் அது இன்னும் அதிகம்தான். ஆனாலும் பதினைந்து ஆண்டுகளில் முந்நூறு மணித்தியாலத்துக்கு மேல் குறைத்திருக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் நமக்கு மிக முக்கியமானது இன்னொரு விடயம். கொரியாவில் அதிக வேலையால் வரும் மாரடைப்பும் பக்கவாதமும் தொழில் நோய்களாக ஏற்கப்படுகின்றன. இறந்தவர் கடைசி 12 வாரங்களில் சராசரியாக 60 மணித்தியாலத்துக்கு மேலோ, கடைசி 4 வாரங்களில் 64க்கு மேலோ வேலை செய்திருந்தால், வேலைக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பு பலமானது என்று கருதுகிறார்கள். இரவு வேலை, ஷிப்ட் வேலை போன்ற சுமைகள் இருந்தால் 52 மணித்தியாலமே போதும். இரவில் செய்த வேலையை 30 சதவீதம் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். ஜப்பானிலும் இதற்கு ஈடான அளவுகோல் உண்டு. 2014இல் அதிக வேலை மரணத்தைத் தடுப்பதற்கென்றே தனிச் சட்டமும் இயற்றினார்கள். அந்த நாடுகளில் குடும்பத்தினர் மனுப் போடுகிறார்கள், அதிகாரிகள் வரவுப் பதிவேட்டைப் பார்க்கிறார்கள், நட்டஈடு தீர்மானிக்கிறார்கள், ஆண்டு முடிவில் எண்ணிக்கை வெளியாகிறது. அந்த எண்ணிக்கையை நாம் பத்திரிகையில் படித்து, "ஐயோ, அங்கே வேலை செய்தே சாகிறார்களே" என்கிறோம்.

இங்கே அப்படி ஒரு எண்ணிக்கை வெளிவருவதில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது நடக்கும் விபத்துக்கும், பட்டியலில் உள்ள சில தொழில் நோய்களுக்கும் நட்டஈடு தருகிறது. 2022இல் வந்த திருத்தம் வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சேர்த்தது. அது நல்ல திருத்தம். நீண்ட நேர வேலையால் வரும் மாரடைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட் முடித்து வந்தவர் வீட்டில் விழுந்து இறந்தால், மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதுவதோடு விடயம் முடிந்துவிடுகிறது. எண்ணும் நாடு மோசமாகவும் எண்ணாத நாடு நிம்மதியாகவும் தெரிவது இதனால்தான். இரண்டு நாடுகளை ஒப்பிடும் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, அங்கே எதை எண்ணுகிறார்கள் என்பதுதான்.

சராசரிக்கும் இதே குறை உண்டு. வேலை கிடைக்காமல் வாரத்துக்கு 20 மணித்தியாலம் மட்டும் செய்யும் ஒருவரையும், 70 மணித்தியாலம் செய்யும் ஒருவரையும் கூட்டி வகுத்தால் 45 வரும். நம் சட்டத்தோடு அச்சொட்டாகப் பொருந்தும் எண். இருவருமே துன்பப்படுகிறார்கள், அட்டவணையில் எந்தத் துன்பமும் தெரியாது.

கண்டியில் அந்த 70 யாருடையது? முதலில் வாசலில் நிற்கும் பாதுகாப்பு ஊழியர். வங்கி, சூப்பர் மார்க்கெட், தனியார் வைத்தியசாலை, தொடர்மாடி என்று எங்கு பார்த்தாலும் ஷிப்ட் என்றால் 12 மணித்தியாலம் என்பதுதான் அந்தத் தொழிலின் நடைமுறை. ஆறு நாள் செய்தால் 72, ஏழு நாளும் செய்தால் 84. மாற்றாள் வராத நாளில் அதே ஆள் இரவையும் பார்க்க வேண்டும். அதற்கு "டபுள்" என்று பெயர். இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், ஒரு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள். உலக சுகாதார அமைப்பின் ஆய்வில் இறந்தவர்களில் 72 சதவீதம் ஆண்கள்; பெரும்பாலோர் 60க்கும் 79க்கும் இடைப்பட்ட வயதில் இறந்தவர்கள்; 45 வயதுக்கும் 74க்கும் இடையில் 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைத்தவர்கள். கண்டியில் நள்ளிரவில் ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரின் வயது அதுதான்.

அடுத்தது கடைப் பையன்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, நாவலப்பிட்டிப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கண்டிக் கடைகளுக்கு வருபவர்கள் நம் பிள்ளைகள். தோட்டத்து வேலைக்குச் சம்பளம் போதாது, மரியாதை போதாது. அதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஆனால் அங்கே நாளுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. காலையில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, மாலையில் கொழுந்து நிறுவை. அதற்குள் பேர் (முழு நாள் சம்பளம்) விழுந்ததா, அரைப்பேரா என்பது தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் அது கைக்காசு, தனிக் கணக்கு. நூற்றைம்பது ஆண்டுகளாகப் போராடி, பேசி, சண்டை பிடித்து உருவாக்கிய எல்லை அது. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வரும் பையன் லயத்தோடு சேர்த்து அந்த எல்லையையும் விட்டுவிட்டு வருகிறான்.

கடையில் காலை எட்டரைக்குக் கதவு திறக்க வேண்டும். இரவு ஏழரைக்கு மூடும். இடையில் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் என்று தாராளமாகவே வைத்தாலும் நாளுக்கு 10, ஆறு நாளுக்கு 60. சட்டப்படி கிடைக்க வேண்டிய வாராந்த ஒன்றரை நாள் விடுமுறை ஒரு நாளாகச் சுருங்கிவிடுகிறது. தீபாவளி, நத்தார், சித்திரைப் புத்தாண்டு வந்தால் அதுவும் போகும். எசல பெரஹரா நடக்கும் நாட்களில் நகரமே நள்ளிரவு வரை விழித்திருக்கும், சாப்பாட்டுக் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்பவர்கள் அதற்குப் பிறகும் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். தங்குமிடமும் சாப்பாடும் முதலாளியே தரும் கடைகளில் நிலைமை இன்னும் கடினம். கடைக்கு மேல் மாடியில் படுக்கிறவனை அதிகாலையில் சாமான் லொறி வந்தால் எழுப்பாமல் விடுவார்களா? அந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வீட்டிலிருந்து வந்து போகிறவர்களுக்கு வேறு சுமை. நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வர ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது, போகவர மூன்று. உலக சுகாதார அமைப்பின் 55 மணித்தியாலத்தில் பயண நேரம் சேரவே இல்லை.

தொழிற்சாலைப் பெண்களின் கதை எண்ணிலேயே தெரிகிறது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி பெண்களுக்கு ஓவர்டைம் ஆண்டுக்கு 100 மணித்தியாலம்தான் என்று இருந்தது. 2002இல் வந்த திருத்தம் அதை மாதத்துக்கு 60 ஆக்கியது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 720. ஜப்பான் 2019இல் ஓவர்டைமுக்கு உச்சம் விதித்தபோது சாதாரண எல்லையாக ஆண்டுக்கு 360ஐ வைத்தது. அசாதாரண நெருக்கடி வந்தால் மட்டும் போகக்கூடிய கடைசி எல்லையாக வைத்த எண் 720. வேலை செய்தே சாகிறார்கள் என்று நாம் பரிதாபப்படும் ஜப்பானின் கடைசி எல்லை, பல்லேகலையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சாதாரணமாகவே சட்டம் தரும் எல்லை. அவர் வீட்டுக்குப் போய்ச் சமைப்பது இந்தக் கணக்கில் இல்லை.

ஓட்டோ ஓட்டுபவருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் எந்த எல்லையும் இல்லை. ஓட்டோக்காரருக்கு முதலாளியே இல்லாததால் சட்டம் அவரைத் தொடாது. பகலில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்து இரவில் ஓட்டோ ஓட்டுபவரின் மணித்தியாலங்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. வீட்டுப் பணியாளருக்கென்று நம்மிடம் இருப்பது 1871ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம்; வேலை நேரம் பற்றி அதில் எதுவும் இல்லை. நம் பெண்கள் போகும் குவைத்தில் 2015இல் இயற்றிய சட்டம் நாளுக்கு 12 மணித்தியாலம் என்ற உச்சத்தையாவது வைத்திருக்கிறது. கட்டார் 2017இல் 10 என்று வைத்தது. அங்கே அது எவ்வளவு மீறப்படுகிறது என்பதைத் திரும்பி வந்த பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே மீறுவதற்கே எண் இல்லை.

ஏன் இவ்வளவு நேரம் செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்குச் சம்பளக் கணக்கே பதில். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதன் பிறகு விலை ஏறும் வேகம்தான் குறைந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. வாரத்துக்கு 45 மணித்தியாலப்படி 30,000 ரூபாவைப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 154 ரூபா. தென் கொரியாவில் 2025இன் ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 10,030 வொன்; நம் காசில் 2,000 ரூபாவுக்குக் குறையாது. 154 ரூபாவில் குடும்பம் நடத்த முடியாதவர் ஓவர்டைமை வரம் என்று வாங்கிக்கொள்கிறார். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வரம் உடம்பிலிருந்து எதை எடுக்கிறது என்பதை அவருக்குச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

எடுப்பது இரண்டு வழியில். ஒன்று, ஓயாத நெருக்கடி உடலை விழிப்பு நிலையிலேயே வைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. மற்றது பழக்கங்கள்: தூக்கம் குறைகிறது, கிடைத்ததைச் சாப்பிடுகிறார், நடப்பதில்லை, சிகரெட்டும் வெற்றிலையும் மதுவும் களைப்பைத் தாங்கும் துணையாகின்றன. பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். தெரியும்போது அவர் வேறு கடையில் வேலை செய்துகொண்டிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். "பிரஷர் வந்து போய்விட்டார்" என்று ஊர் சொல்லும்.

உடனே தெரியும் ஆபத்து வீதியில் இருக்கிறது. பதினேழு மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் கவனத்துக்குச் சமமாகக் குறைகிறது என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இருபத்து நான்கு மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10க்குச் சமம். இலங்கையில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த எல்லை 0.08. கடுகண்ணாவை இறக்கத்தில் பொலிஸார் சாரதியை ஊதச் சொல்லிப் பார்க்கலாம். அவர் எத்தனை மணித்தியாலமாக விழித்திருக்கிறார் என்பதை ஊதிக் கண்டுபிடிக்க முடியாது.

கொரியாவுக்குப் போகக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அங்கே 52 மணித்தியாலம்தான் என்று வகுப்பில் சொல்வார்கள். ஐந்து பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அந்த உச்சம் பொருந்தாது. தொழில் தராதரச் சட்டத்தின் 63ஆம் பிரிவு விவசாயம், கால்நடை, மீன்பிடி ஆகிய துறைகளுக்கு வேலை நேரம், இடைவேளை, விடுமுறை பற்றிய விதிகளிலிருந்து விலக்குக் கொடுக்கிறது. இலங்கையர்கள் போகும் துறைகளில் மீன்பிடியும் விவசாயமும் உண்டு. இடையில் வேலைத்தளத்தை மாற்றுவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று தடவைக்கு மேல் மாற முடியாது, அதற்கும் காரணம் காட்ட வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எந்தத் துறை, எத்தனை பேர் வேலை செய்யும் இடம் என்ற இரண்டையும் கேட்டறியுங்கள். சம்பளத் தொகையைக் கேட்பது போல இதையும் கேளுங்கள்.

நாட்டுக்குள் செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஓவர்டைமோடு சேர்த்து வாரச் சராசரி 48ஐத் தாண்டக்கூடாது என்கிறது. கொரியா 52 என்கிறது. நம் 57ஐ 55க்குக் கீழே கொண்டுவர ஒரு திருத்தம் போதும். நட்டஈட்டுச் சட்டத்தின் பட்டியலில் அதிக வேலையால் வரும் இதய நோயையும் பக்கவாதத்தையும் சேர்க்க இன்னொரு திருத்தம். 2023இல் பழைய தொழில் சட்டங்களை ஒரே சட்டமாக்கும் வரைவு வந்தபோது, எட்டு மணித்தியால நாள் குலைந்துபோகும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அது நிறைவேறவில்லை. அப்படி ஒரு வரைவு மீண்டும் வரும். வரும்போது "நெகிழ்வான வேலை நேரம்" என்ற தலைப்பைக் கடந்து, வாரத்தின் மொத்த உச்சம் எத்தனை என்ற வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். எத்தனை மணிக்கு வேலையில் ஏறினீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று ஒரு சிறு கொப்பியில் நாளுக்கு ஒரு வரி எழுதி வையுங்கள். ஓவர்டைம் காசு தராவிட்டால் தொழில் திணைக்களத்தின் கண்டி அலுவலகத்தில் முறைப்பாடு செய்யும்போது அந்தக் கொப்பி உங்கள் பக்கம் பேசும். வாரக் கூட்டுத்தொகை 55ஐத் தொடர்ந்து தாண்டினால், வயது எதுவானாலும், பக்கத்திலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.